பிரசவத்துக்குப் பிறகு தீராத அழுகை... அம்மாவும் குழந்தையும் சேர்ந்து உட்காரும் 'குழு சிகிச்சை' என்ன செய்யும்?

உளுந்தூர்பேட்டை சுற்றுவட்டாரக் கிராமங்களில் புதன்கிழமை என்றால் தடுப்பூசி நாள். துணை சுகாதார நிலையத்திலோ அங்கன்வாடியிலோ கைக்குழந்தையோடு அம்மாக்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். ஒன்றரை மாதம், இரண்டரை மாதம், மூன்றரை மாதம் என்று பிள்ளையின் வயதைக் கணக்குப் பண்ணி வர வேண்டும். எடை பார்க்கிறார்கள், ஊசி போடுகிறார்கள், அட்டையில் எழுதுகிறார்கள். நர்சம்மா கேட்கும் கேள்விகள் எல்லாம் குழந்தையைப் பற்றித்தான். "பால் குடிக்குதா? நல்லா தூங்குதா? வெளிக்குப் போகுதா?"

"நீ தூங்குறியாம்மா?" என்று கேட்பது அபூர்வம்.

அந்த ஒரு கேள்வி கேட்கப்படாததால் எத்தனை பேர் விட்டுப்போகிறார்கள்? இந்தியாவில் நடந்த 38 ஆய்வுகளை, 20,043 பெண்களின் தகவல்களைத் திரட்டிய ஓர் அலசல் 2017இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்விதழில் வெளியானது. பிரசவித்த பெண்களில் சுமார் 22 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு இருப்பதாக அது கணக்கிட்டது. அதாவது அந்தப் புதன்கிழமை வரிசையில் பத்து அம்மாக்கள் இருந்தால், அதில் இரண்டு பேர்.

அழுகை எப்போது நோய் ஆகிறது?

குழந்தை பிறந்த மூன்றாம் நாள், நான்காம் நாள் காரணமே இல்லாமல் அழுகை வருவது சகஜம். பாதிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு இது வரும். கர்ப்பத்தில் உச்சத்தில் இருந்த ஹார்மோன்கள் பிரசவம் முடிந்ததும் சட்டென்று சரிகின்றன. கூடவே வலி, தூக்கமின்மை, பால் கட்டிக்கொள்ளும் அவஸ்தை. இந்த அழுகை பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் தானாக அடங்கிவிடும்.

அடங்காமல் போவதுதான் மகப்பேறுக்குப் பிந்தைய மனச்சோர்வு. எதிலும் பிடிப்பில்லை, குழந்தை தூங்கினாலும் தனக்குத் தூக்கம் வருவதில்லை, சாப்பாடு இறங்குவதில்லை, சும்மா சும்மா எரிச்சல். இதையெல்லாம்விட, வெளியே சொல்லக் கூசும் ஒன்று உண்டு: பிள்ளையைப் பார்த்தால் பாசம் வரவில்லை என்ற உணர்வு. "நான்லாம் ஒரு அம்மாவா" என்ற குற்ற உணர்ச்சி அதிலிருந்துதான் கிளம்புகிறது. சில பெண்களுக்கு இது கர்ப்ப காலத்திலேயே தொடங்கிவிடும்.

மூன்றாவது வகை, அரிதானது, ஆனால் ஆபத்தானது. ஆயிரம் பிரசவத்தில் ஒன்றிரண்டு பேருக்கு வரும் மனநிலை பிறழ்வு. இரண்டு நாளாகத் தூங்காமல் இருப்பது, சம்பந்தமில்லாமல் பேசுவது, யாரோ பேசுவது போலக் குரல் கேட்பது, குழந்தையைப் பற்றி விபரீதமாக எதையாவது நம்புவது. பிரசவித்த பெண் இப்படி நிலைதடுமாறிப் பேசினால் 'ஜன்னி கண்டிருச்சு' என்று நம்ம ஊர்ப் பாட்டிகள் சொல்லிவிடுவார்கள். அப்படிச் சொல்லிவிட்டு மந்திரிக்கக் கூட்டிப்போவதுதான் பிரச்சினை. இதற்கு அன்றைக்கே ஆஸ்பத்திரி வேண்டும். குழு சிகிச்சை இந்த நிலைக்கானது அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

குழந்தை பெற்ற அந்தப் புதுக்காலத்துக்குத் தமிழில் 'புனிறு' என்று ஒரு சொல்லே உண்டு. ஈன்றணிமை என்று அதற்குப் பொருள் சொல்கிறது தொல்காப்பியம். பேச்சு வழக்கில் 'பச்சை உடம்பு'. உடம்பு பச்சையாக இருக்கிறது, காத்து படக்கூடாது, பச்சைத் தண்ணீர் படக்கூடாது என்று பார்த்துப் பார்த்துச் செய்யும் வீட்டில், மனசும் பச்சையாகத்தான் இருக்கிறது என்ற பேச்சு மட்டும் வருவதில்லை.

கணியம்பாடி ஆய்வு சொன்னது என்ன?

'இதெல்லாம் பட்டணத்துப் பெண்களுக்கு, படித்த பெண்களுக்கு வருவது' என்று ஒரு நினைப்பு உண்டு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் கணியம்பாடி ஒன்றியத்துக் கிராமங்களில் நடத்திய ஆய்வு, 2002இலேயே அதை உடைத்துவிட்டது. கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் பெண்களைச் சந்தித்து, பிரசவம் ஆன 6 முதல் 12 வாரத்தில் மறுபடியும் போய்ப் பார்த்தார்கள். இடைப்பட்ட அந்தக் காலத்தில் புதிதாக மனச்சோர்வுக்கு ஆளானவர்கள் மட்டுமே 11 சதவீதம்.

ஏன் வந்தது என்று பார்த்தபோது கிடைத்த காரணங்களைப் படித்தால், இது கணியம்பாடியா உளுந்தூர்பேட்டையா என்று வித்தியாசம் தெரியாது. குறைந்த வருமானம். ஆண் பிள்ளையை எதிர்பார்த்திருந்த வீட்டில் பெண் பிள்ளை பிறந்தது. மாமியாரோடும் பெற்றோரோடும் உறவில் விரிசல். கர்ப்பமாக இருந்தபோது நடந்த துயரச் சம்பவங்கள். கைவேலைக்கு உதவ ஆள் இல்லாதது.

இந்தப் பட்டியலில் ஹார்மோன் ஒரு வார்த்தை கூட இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஹார்மோன் எல்லாப் பெண்களுக்கும்தான் சரிகிறது. யார் எழுந்து வருகிறார், யார் விழுகிறார் என்பதில் சுற்றி இருப்பவர்களுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. மாத்திரையோடு மட்டும் இந்த நோயை முடித்துக்கொள்ள முடியாததற்கும், ஆட்களைச் சேர்த்து உட்காரவைக்கும் சிகிச்சை பலன் தருவதற்கும் காரணம் இதுதான்.

குழு சிகிச்சை எப்படி நடக்கும்?

பொதுவாக ஆறு முதல் பத்து அம்மாக்கள். வாரம் ஒரு நாள், ஒன்றரை மணி நேரம் போல. எட்டு முதல் பன்னிரண்டு வாரம். அதே ஆட்கள்தான் ஒவ்வொரு வாரமும் வருவார்கள், நடுவில் புதியவர்களைச் சேர்ப்பதில்லை. நடத்துபவர் உளவியலாளராகவோ மனநல செவிலியராகவோ இருக்கலாம். முறையாகப் பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பெண்ணாகவும் இருக்கலாம். தரையில் பாய் விரித்து, நடுவில் குழந்தைகள்.

முதல் வாரம் யாரும் பேச மாட்டார்கள். பிள்ளை பேரு என்ன, எங்க பொறந்துச்சு, சிசேரியனா சுகப்பிரசவமா என்பதோடு முடிந்துவிடும். இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் யாராவது ஒருத்தி, "ராத்திரி இவன் அழுதா காத பொத்திக்கிட்டு உட்கார்ந்துடுவேன்" என்று சொல்லிவிடுவாள். அறை அமைதியாகிவிடும். அடுத்து இன்னொருத்தி வாயைத் திறப்பாள்: "எனக்கு மட்டும்தான் அப்பிடின்னு நெனச்சேன்."

கேட்பதற்குச் சின்ன விஷயமாகத் தோன்றும். ஆனால் குழு சிகிச்சையின் முதல் மருந்தே இந்த வாக்கியம்தான். குழு உளவியல் சிகிச்சை பற்றிய பிரபலமான பாடநூலை 1970இல் எழுதிய அமெரிக்க மனநல மருத்துவர் இர்வின் யாலோம், குழு ஏன் குணப்படுத்துகிறது என்பதற்குச் சொன்ன காரணங்களில் முக்கியமான ஒன்று இது: 'நான் மட்டும் இப்படி இல்லை' என்று தெரிந்துகொள்வது. டாக்டர் இதைச் சொன்னால் அது ஆறுதல். பக்கத்தில் பிள்ளையை மடியில் போட்டிருக்கும் இன்னொரு அம்மா சொன்னால் அது சாட்சி.

அதற்குப் பிறகுதான் வேலை ஆரம்பிக்கிறது. குழந்தை அழுகிறது, உடனே 'நான் சரியான அம்மா இல்லை' என்ற எண்ணம், அதனால் தூக்கவே பயம், தூக்காததால் இன்னும் அழுகை. இந்தச் சங்கிலியைக் கரும்பலகையில் வரைந்து, எந்தக் கண்ணியை உடைக்கலாம் என்று எல்லோரும் சேர்ந்து பார்ப்பார்கள். வீட்டுப்பாடமும் உண்டு. பெரிதாக ஒன்றும் இருக்காது. பகலில் ஒரு மணி நேரம் பிள்ளையை அத்தையிடம் கொடுத்துவிட்டுத் தூங்குவது. தெருமுனை வரை நடந்துவிட்டு வருவது. வீட்டுக்காரரிடம் 'ராத்திரி ஒரு தடவை நீங்க எழுந்து பாருங்க' என்று கேட்டே விடுவது. அடுத்த வாரம் வந்து, முடிந்ததா, ஏன் முடியவில்லை என்று பேசுவார்கள். கடைசியாகச் சொன்னதுதான் பெரும்பாலும் முடியாமல் போகும்.

சில குழுக்களில் ஓர் அமர்வுக்குக் கணவரையோ மாமியாரையோ அழைப்பது உண்டு. கணியம்பாடிப் பட்டியலைப் பார்த்த பிறகு, நம்ம ஊரில் மாமியாரை அழைக்காமல் இதை நடத்துவது அரைகுறை வேலை என்றே தோன்றுகிறது.

சரி, குழந்தை எதற்கு?

சிகிச்சை அம்மாவுக்கு என்றால் பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டு வரலாமே என்று கேட்கலாம். விட்டுவர ஆள் இல்லை என்பது ஒரு பதில். அதைவிட முக்கியமான பதில் ஒன்று இருக்கிறது.

1970களில் எட்வர்ட் ட்ரானிக் என்ற அமெரிக்க உளவியலாளர் ஒரு சோதனை செய்தார். அம்மா குழந்தையோடு சிரித்து விளையாடுகிறார். பிறகு, சொல்லிவைத்தபடி, முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாமல் சிலை போலக் குழந்தையைப் பார்க்கிறார். சில மாதக் குழந்தைதான், ஆனால் சில நொடியில் ஏதோ சரியில்லை என்று கண்டுபிடித்துவிடுகிறது. சிரித்துப் பார்க்கிறது, கையை நீட்டுகிறது, கத்துகிறது. எதுவும் பலிக்காதபோது முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. அம்மா மறுபடி பழைய மாதிரி சிரித்ததும், கொஞ்சம் முரண்டு பிடித்துவிட்டுத் திரும்பி வருகிறது.

மனச்சோர்வில் இருக்கும் அம்மாவின் முகம் பல நேரம் அந்தச் சிலை முகம்தான். அவர் வேண்டுமென்று செய்வதில்லை. குழந்தை முகத்தைத் திருப்பிக்கொள்ளும்போது, 'பாரு, இதுக்குக்கூட என்னைப் பிடிக்கல' என்று அவர் இன்னும் உள்ளே போய்விடுகிறார். இருவரும் ஒருவரை ஒருவர் தவறாகப் படிக்கிறார்கள். குழந்தை அறையில் இருந்தால் இந்த இடத்தைக் கையோடு பிடிக்கலாம். "பாருங்க, நீங்க பேசுனதும் காலை உதைக்கிறத நிறுத்திட்டு உங்களையே பார்க்குது" என்று நடத்துபவர் காட்டும்போது, அம்மாவுக்கு அது புதுச் செய்தி. சிலை முகம் கலைந்ததும் பிள்ளை திரும்பி வந்தது என்பது அந்தச் சோதனையின் பாதி முடிவு. அந்தப் பாதியை அம்மாக்களிடம் அழுத்திச் சொல்ல வேண்டும்.

லண்டனில் 134 அம்மாக்களை வைத்து நடத்தி 2018இல் வெளியான ஓர் ஆய்வு சுவாரஸ்யமானது. ஒரு பகுதியினர் குழந்தைகளோடு சேர்ந்து பத்து வாரம் குழுவாகப் பாடினார்கள். இன்னொரு பகுதியினர் குழுவாக விளையாட்டு. மற்றவர்களுக்கு வழக்கமான கவனிப்பு. மனச்சோர்வு மிதமாகவோ கடுமையாகவோ இருந்தவர்களில், பாடிய குழுவினர் வேகமாகத் தேறினார்கள். ஆராரோ பாடிய நாட்டில் இதைச் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்கும் கதைதான். ஆனால் பல வீடுகளில் தாலாட்டு இன்று செல்போனிலிருந்துதான் வருகிறது.

நம்மைப் போன்ற ஊர்களில் பலித்திருக்கிறதா?

லண்டனில் நடந்தது கிராமத்துக்குச் சரிப்படுமா என்ற சந்தேகம் நியாயமானது. பாகிஸ்தானின் ராவல்பிண்டி பக்கத்துக் கிராமங்களில் மனநல மருத்துவர் அதிஃப் ரஹ்மான் குழுவினர் செய்தது இதற்கு நல்ல பதில். 'திங்கிங் ஹெல்தி' என்று பெயர். நம்ம கிராம சுகாதார செவிலியர் போல வீடு வீடாகப் போகும் பெண் ஊழியர்களுக்கு எளிய பயிற்சி கொடுத்து, மனச்சோர்வில் இருந்த அம்மாக்களோடு தொடர்ந்து பேச வைத்தார்கள். 900க்கும் மேற்பட்ட பெண்கள். குழந்தைக்கு ஆறு மாதம் ஆனபோது, இந்தச் சிகிச்சை கிடைத்தவர்களில் 23 சதவீதம் பேருக்குத்தான் மனச்சோர்வு நீடித்தது. கிடைக்காதவர்களில் அது 53 சதவீதம். 2008இல் லான்செட் இதழில் வந்த இந்த முடிவுதான் பின்னர் உலக சுகாதார நிறுவனத்தின் கையேடாக மாறியது. குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு குறைந்தது, தடுப்பூசி ஒழுங்காகப் போடப்பட்டது என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது.

அவர்கள் செய்த ஒரு சாமர்த்தியம் கவனிக்கத்தக்கது. 'உங்க மருமகளுக்கு மனநோய்' என்று எந்த வீட்டிலும் சொல்லவில்லை. 'பிள்ளை நல்லா வளர அம்மா நல்லா இருக்கணும்' என்றுதான் உள்ளே போனார்கள். பேரப்பிள்ளைக்காக என்றால் எந்த மாமியார் வேண்டாம் என்பார்?

அது வீட்டுக்கு வீடு போய்ச் செய்தது. கூட்டமாக உட்காரவைத்தது ஜார்க்கண்டிலும் ஒடிசாவிலும். 'ஏக்ஜுட்' என்ற அமைப்பு பழங்குடிக் கிராமங்களில் மாதம் ஒரு பெண்கள் கூட்டம் நடத்தியது. படங்கள், கதைகள், விளையாட்டு வழியாகப் பிரசவம், பச்சிளம் குழந்தை பராமரிப்பு பற்றிப் பேசினார்கள். நடத்தியவர்கள் உள்ளூர்ப் பெண்கள். மூன்று ஆண்டுகளில் பச்சிளம் குழந்தை இறப்பு மற்ற கிராமங்களைவிட 32 சதவீதம் குறைவாக இருந்தது என்று 2010இல் வெளியான ஆய்வு சொன்னது. மூன்றாம் ஆண்டில், தாய்மார்களிடம் மிதமான மனச்சோர்வும் 57 சதவீதம் குறைந்திருந்தது. இத்தனைக்கும் அது மனச்சோர்வுக்காக நடத்திய கூட்டமே இல்லை.

எல்லாமே வெற்றிக் கதை அல்ல. பயிற்சி பெற்ற சக பெண்களை வைத்து கோவாவிலும் ராவல்பிண்டியிலும் மறுபடி சோதித்தபோது, கோவாவில் பலன் தெரிந்தது, ஆனால் முதல் ஆய்வு அளவுக்கு இல்லை. குழு அமர்வுகளும் சேர்த்து நடத்தப்பட்ட ராவல்பிண்டியில், ஆறாம் மாதத்தில் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை. நாலு பேரைச் சும்மா உட்காரவைத்தால் போதாது, யார் நடத்துகிறார், எத்தனை முறை கூடுகிறார்கள் என்பதெல்லாம் முக்கியம் என்று இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

உளுந்தூர்பேட்டையில் இது முடியுமா?

சென்னை - திருச்சி நெடுஞ்சாலையில் இருந்து சேலம் ரோடு பிரியும் ஊர் இது. 2019 நவம்பரில் விழுப்புரத்தில் இருந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகப் பிரிந்தபோது அதோடு போனது. கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. ஆனால் வாரம் ஒரு நாள், பன்னிரண்டு வாரம், கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி அங்கே போய்வர எந்தப் பச்சை உடம்புக்காரியால் முடியும்? கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் மலைக்கிராமத்துப் பெண்ணைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

அதனால் குழு அம்மாக்கள் இருக்கும் இடத்துக்கு வரவேண்டும். அதற்கான பாதி ஏற்பாடு இங்கே ஏற்கனவே இருக்கிறது. தமிழ்நாட்டில் பிரசவங்களில் 99 சதவீதத்துக்கும் மேல் மருத்துவமனையில்தான் நடக்கின்றன. எந்தத் தெருவில் யாருக்குக் குழந்தை பிறந்தது என்று கிராம சுகாதார செவிலியரின் பதிவேட்டில் இருக்கும். புதன்கிழமை அம்மாக்கள் எப்படியும் வருகிறார்கள். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து வாரக் கணக்கு பேசுவதும் புதிதல்ல. 1989இல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழுக்கள் இன்று ஊருக்கு ஊர் இருக்கின்றன.

அரசே கர்ப்பிணிகளைக் கூட்டி, வளையல் போட்டு, சாப்பாடு போட்டு சமுதாய வளைகாப்பு நடத்துகிறது. நல்ல விஷயம். ஆனால் கூட்டம் எல்லாம் பிரசவத்துக்கு முன்னாடிதான். பிள்ளை பிறந்த பிறகு, ஆள் துணை அதிகம் தேவைப்படும் நேரத்தில், அந்தப் பெண் ஓர் அறைக்குள் தனியாகிவிடுகிறாள்.

சிக்கல்களும் உண்டு. முதல் பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்குப் போனவள் மூன்றாம் மாதம், ஐந்தாம் மாதம் புகுந்த வீட்டுக்குத் திரும்புவாள். குழு பாதியில் அறுந்துவிடும். இன்னொன்று, சின்ன ஊரின் வாய். லண்டன் குழுவில் பேசியது அந்த அறையோடு போகும். இங்கே பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள் நாத்தனாரின் தோழியாக இருக்கலாம். குழுவில் பேசுவது வெளியே போகக்கூடாது என்ற விதியை முதல் நாளே எல்லோர் வாயாலும் சொல்ல வைப்பது இதனால்தான். அதோடு, யார் பாயில் யார் உட்காருவது என்ற சாதிக் கணக்கைத் தாண்டவும் நடத்துபவருக்குத் தைரியம் வேண்டும்.

யாரைச் சேர்ப்பது என்று கண்டுபிடிப்பது ஒப்பீட்டளவில் சுலபம். 1987இல் உருவான எடின்பரோ அளவுகோலில் மொத்தம் பத்தே கேள்விகள். கடந்த ஏழு நாளில் எப்படி இருந்தீர்கள் என்று கேட்கும். இதன் தமிழ் வடிவத்தை வேலூர் ஆய்வாளர்கள் 2005லேயே சோதித்துச் சரிபார்த்துவிட்டார்கள். படிக்கத் தெரியாத அம்மாவுக்கு வாசித்துக் காட்டலாம். ஊசி போட்டுவிட்டுக் காத்திருக்கும் நேரத்தில் முடிந்துவிடும். பக்கத்தில் கேரளாவில் 'அம்ம மனசு' என்ற பெயரில் தாய்மார்களின் மனநலத்துக்கென்றே அரசு சுகாதாரத் துறை திட்டம் நடத்துகிறது.

மருந்து வேண்டுமா? பிள்ளையைப் பிரித்துவிடுவார்களா?

மனச்சோர்வு கடுமையாக இருந்தால் மருந்தும் வேண்டியிருக்கும். தாய்ப்பால் கொடுக்கும்போதே எடுத்துக்கொள்ளக்கூடிய மாத்திரைகள் உண்டு. எது, எவ்வளவு என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். 'பாலில் இறங்கிடும்' என்று பயந்து பாதியில் நிறுத்துவது ஆபத்து. ரத்தசோகை, தைராய்டு இருக்கிறதா என்றும் பார்த்துவிடுவது நல்லது, அவையும் இதே சோர்வைத் தரும்.

ஆஸ்பத்திரியில் சேர்த்தால் பிள்ளையைப் பிரித்துவிடுவார்களோ என்ற பயத்தில் பல குடும்பங்கள் மறைக்கின்றன. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 21ஆவது பிரிவு இதில் தெளிவாக இருக்கிறது. சிகிச்சைக்குச் சேர்ந்த தாயிடமிருந்து மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைப் பொதுவாகப் பிரிக்கக் கூடாது. குழந்தைக்கு ஆபத்து என்று மருத்துவர் கருதினால் மட்டும் தற்காலிகமாகப் பிரிக்கலாம், அந்த முடிவையும் 15 நாளுக்கு ஒருமுறை மறுபரிசீலனை செய்ய வேண்டும். பெங்களூரு நிம்ஹான்ஸில் 2009 முதல் தாய்-சேய் மனநலப் பிரிவே இயங்குகிறது. அம்மா, குழந்தை, கூடவே வீட்டுப் பெண் ஒருவரும் தங்கலாம்.

இப்போது என்ன செய்யலாம்?

இரண்டு வாரம் தாண்டியும் அழுகையோ, தூக்கமின்மையோ, பிடிப்பின்மையோ தொடர்ந்தால் அடுத்த புதன்கிழமை வரை காத்திருக்க வேண்டியதில்லை. 14416 என்ற டெலி மனஸ் எண்ணுக்கு எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழில் பேசுவார்கள். தமிழ்நாடு அரசின் 104 எண்ணும் இருக்கிறது. நேரில் என்றால் அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் கேட்டு, மாவட்ட மனநலத் திட்ட மருத்துவரையோ கள்ளக்குறிச்சி மருத்துவக் கல்லூரியின் மனநலப் பிரிவையோ அணுகலாம். சாக வேண்டும், பிள்ளையை ஏதாவது செய்துவிடுவோமோ என்ற எண்ணம் வந்தால் அது அவசரம். 108ஐ அழைக்கலாம், அதுவரை அம்மாவைத் தனியாக விடக்கூடாது. போன் செய்வது அம்மாவாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. கணவரோ, மாமியாரோ, பக்கத்து வீட்டு அக்காவோ, "பிள்ளை பெத்த பொண்ணு ஒண்ணு இருக்கா, சரியா தூங்க மாட்டேங்குறா" என்று பேச்சைத் தொடங்கினால் போதும்.